வீட்டு சம்ப் பம்ப்: மழை வரும்வரை காத்திருக்க வேண்டாம்!

பேஸ்மென்ட் உள்ள தரைவீட்டில் வசிக்கிறீர்களா? உங்க வீட்டு சம்ப் பம்ப் கடைசியா எப்போ ஓடுச்சு?

"தெரியலையே" என்பது பதிலானால், இந்த வாரமே அதைச் சோதித்துப் பாருங்கள்.

பம்ப் எப்படி வேலை செய்கிறது?

பேஸ்மென்ட், வெளியே உள்ள வடிகாலைவிடத் தாழ்வாக இருக்கும். அங்கு சேரும் தண்ணீர் தானாக வெளியேறாது. அது ஒரு குழியில் வந்து தேங்கும். குழியில் நீர்மட்டம் உயர்ந்தால் மிதவையும் உயரும். அது சுவிட்சை இயக்கும். பம்ப் தண்ணீரை மேலே தள்ளும். மேலே போன தண்ணீர் திரும்பி வராமல் ஒருவழி வால்வு தடுக்கும்.

மழைக்காலத்தில் மட்டும் கவனித்தால் போதாதா?

போதாது. பம்ப் சும்மா இருக்கும் மாதங்களில் குழியில் சேறு படியும். மிதவை ஓரத்தில் சிக்கிக்கொள்ளலாம். பம்ப்பின் சுழலும் பாகம் இறுகிப்போகலாம். மழை கொட்டும்போதுதான் அது தெரியவரும்.

கனமழை ஆண்டிறுதியில் மட்டும் வருவதில்லை. 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் தேதி, சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் சுமார் 3 மணி நேரத்தில் ஏறக்குறைய 170 மில்லிமீட்டர் மழை பெய்தது. புக்கிட் தீமா வட்டாரத்தில் திடீர் வெள்ளம் ஏற்பட்டது.

எப்போது, என்ன செய்யலாம்?

- மாதம் ஒருமுறை: குழியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுங்கள். பம்ப் தானாக ஓடி, தண்ணீர் குறைந்ததும் தானாக நிற்கணும். இரண்டு பம்ப் இருந்தால் இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

- 3 மாதத்துக்கு ஒருமுறை: முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். பிறகு சேறு, இலை, குப்பையை அகற்றுங்கள். மிதவை தடையின்றி அசைகிறதா என்று பாருங்கள். பம்ப் நின்றதும் தண்ணீர் குழிக்கே திரும்பினால் வால்வை மாற்ற வேண்டியிருக்கலாம்.

- அக்டோபரில்: வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, விவரம் தெரிந்தவரை அழைத்து முழுமையாகச் சோதிக்கச் சொல்லுங்கள்.

- கனமழைக்குப் பிறகு: புதிதாகச் சேறு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கரண்ட் போனால்?

இடி மின்னலின்போது வீட்டில் மின்சாரம் 'ட்ரிப்' ஆனால் பம்ப்பும் நின்றுவிடும். பேட்டரியில் ஓடும் துணை பம்ப் இருந்தால் கைகொடுக்கும். நீர்மட்டம் உயர்ந்தால் ஒலிக்கும் அலாரமும் உதவும்.

இவற்றை மறக்காதீங்க

- பேஸ்மென்ட்டில் தண்ணீர் நிற்கும்போது உள்ளே இறங்கி பிளக், சுவிட்ச் எதையும் தொட வேண்டாம்.

- ஆழமான குழிக்குள் நீங்களே இறங்க வேண்டாம். உள்ளே நச்சு வாயு இருக்கக்கூடும்.

- மின் இணைப்பு வேலையை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

- குழியை இடைவெளியின்றி மூடிவையுங்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால், சுமார் ஒரு வாரத்தில் கொசுக்கள் பறக்கத் தொடங்கிவிடும்.

மாதாந்தரச் சோதனைக்குச் சில நிமிடம் போதும். தொலைபேசியில் இப்பவே ஒரு ரிமைண்டர் போட்டுடுங்க!