காலும் காப்பும்

விருதுநகர் மாவட்டத்தில், இராசபாளையத்திலிருந்து தென்காசிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் சேத்தூர். அதன் மேற்கே மலைத்தொடர் மதில்போல் நிற்கின்றது. மலையினின்று இறங்கும் நீர் கண்மாய்களை நிரப்புகின்றது. கண்மாய்களின் கீழே நெல்வயல்கள் விரிந்து கிடக்கின்றன. பழைய நூல்களில் இவ்வூரின் பெயர் சேற்றூர் என்று காணப்படும். சேறு மிகுந்த ஊர் என அப்பெயர் பொருள்படும். பெயருக்கு ஏற்ப, நடவுக் காலத்தில் இங்கு உழைப்பவரின் கால்கள் நாள் முழுவதும் சேற்றில் அமிழ்ந்திருக்கும்.

நடவுக்கு வரும் பெண்கள் தங்கள் செருப்பை வரப்பின்மேல் கழற்றி வைத்துவிட்டே வயலில் இறங்குவர். செருப்புடன் இறங்கினால் அது சேற்றில் புதைந்துவிடும். வெறுங்காலோ, வழுக்கும் இடத்தில் விரல்களை விரித்து ஊன்றிக்கொள்ளும். மேடு இது, பள்ளம் இது என்பதைக் கண்ணின் உதவியின்றியே அறியும். கண்கள் நாற்றின்மேல் இருக்கும். கைகள் நட்டுக்கொண்டே செல்லும். கால் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். பொழுது சாய்ந்ததும் அவர்கள் வாய்க்காலில் காலைக் கழுவிச் செருப்பை மாட்டிக்கொண்டு, கல்லும் கருவேல முள்ளும் கிடக்கும் வண்டிப்பாதையில் வீடு திரும்புவர்.

ஒரே நாளில் ஓரிடத்தில் செருப்பைக் கழற்றுவதும் மற்றோரிடத்தில் அணிவதும் மிக எளிய செயல்களாகத் தோன்றும். ஆனால் அவற்றுள் ஒரு பெரிய கேள்வி அடங்கியிருக்கின்றது. காலுக்குக் காப்பு எவ்வளவு வேண்டும்? உலகின் பல நாடுகளிலும் நடப்போரும் ஓடுவோரும் மருத்துவரும் இக்கேள்வியைக் கேட்டு வருகின்றனர். தடித்த அடிப்பகுதியும் உயர்ந்த குதியும் உடைய காலணியே நல்லது என்பர் சிலர். மெல்லிய அடித்தோலே போதும் என்பர் வேறு சிலர். எதுவும் வேண்டா, வெறுங்காலே நன்று என்பாரும் உளர். இவற்றுள் எது சரி என்று அறிய, முதலில் காலை அறிதல் வேண்டும்.

மனிதனின் ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் உள்ளன. உடல் முழுவதிலும் உள்ள எலும்புகள் 206. அவற்றுள் இரண்டு பாதங்களில் மட்டும் 52 அடங்கும். அதாவது, நான்கில் ஒரு பங்கு. பாரத்தைத் தாங்குவது மட்டுமே பாதத்தின் வேலையானால் இத்தனை எலும்புகள் எதற்கு? ஒரே கட்டையாக இருந்தால் போதுமே! ஆனால், பாதம் தாங்குவதோடு நில்லாது, வளைகின்றது, நிமிர்கின்றது, தரைக்கு ஏற்பத் தன் வடிவை மாற்றிக்கொள்கின்றது. உள்ளங்காலின் நடுவே அமைந்த வளைவு, உடலின் பாரம் இறங்கும்போது சற்றே தாழ்ந்து, கால் எழும்போது மீண்டும் உயர்கின்றது. வண்டியின் வில்போல் அது அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கின்றது. குதிகாலுக்கு மேலே கையில் தட்டுப்படும் வலிய தசைநாண், ஓடும்போது இழுபட்டுச் சுருங்கி, உடலை முன்னே உந்துகின்றது.

இவற்றினும் சிறந்தது பாதத்தின் உணர்ச்சியாகும். உள்ளங்காலின் தோலில் எண்ணற்ற நரம்பு நுனிகள் உள்ளன. சிறு கல் ஒன்று தைத்தாலும் அச்செய்தி நொடிப்பொழுதில் நரம்புகளின் வழியே செல்ல, உடல் தன் பாரத்தை மற்றொரு பக்கம் மாற்றிக்கொள்கின்றது. வெறுங்காலுடன் நடப்பவரின் உள்ளங்கால் தடித்துக் காய்த்திருக்கும். அவ்வாறு தடித்தால் உணர்ச்சி குன்றிவிடும் என்று எண்ணத் தோன்றும். ஆனால், கென்யா நாட்டு மக்களிடையே நிகழ்ந்து, 2019ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு அவ்வெண்ணம் தவறு எனக் காட்டியது. காய்த்த தோல் காலைக் காக்கின்றது. தரையை உணரும் ஆற்றலையோ குறைப்பதில்லை. இயற்கை அளித்த செருப்பு அது.

மனிதர் செய்யும் செருப்பும் பழமையானதே. பழந்தமிழில் அதற்குத் தொடுதோல் என்று பெயர். ஆநிரையின் பின்னே காடும் மேடும் திரிந்த இடையனின் வலிய அடியில் செருப்பு அழுந்திய தழும்பு இருந்தது எனப் பெரும்பாணாற்றுப்படை கூறுகின்றது. அக்காலத்துச் செருப்பு முள்ளையும் கல்லையும் தடுத்தது. அதற்குமேல் அது எதுவும் செய்யவில்லை. பிற்காலத்தில் வந்த காலணிகளோ விரல்களை நெருக்கின; குதிகாலை உயர்த்தின; வளையும் பாதத்தை வளையாதபடி பிணித்தன.

இதனால் விளைவது யாது? ராவ், ஜோசப் என்னும் இரண்டு இந்திய மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையுள்ள 2300 சிறுவர் சிறுமியரின் காலடித் தடங்களை ஆராய்ந்தனர். அவ்வாய்வு 1992ஆம் ஆண்டில் வெளிவந்தது. காலணி அணிந்து வளர்ந்த குழந்தைகளில் நூற்றுக்கு 8.6 பேருக்கு உள்ளங்கால் வளைவின்றித் தட்டையாக இருந்தது. வெறுங்காலுடன் வளர்ந்தவர்களிலோ நூற்றுக்கு 2.8 பேருக்கே அவ்வாறு இருந்தது. விரல்களை மூடும் காலணி அணிந்தவர்களிடம் அது மிகுதியாகவும், திறந்த செருப்பு அணிந்தவர்களிடம் அதனினும் குறைவாகவும் காணப்பட்டது. தட்டைப்பாதம் உடையவர் எல்லாரும் துன்புறுவர் என்பதில்லை. எனினும், வளரும் பருவத்தில் கால் விடுதலையாக இயங்குவது நன்று என்பதை இவ்வாய்வு உணர்த்துகின்றது.

ஓட்டத்தைப் பற்றியும் ஆராய்ச்சி நடந்தது. ஆர்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டேனியல் லீபர்மனும் அவருடன் பணிபுரிந்தோரும் 2010ஆம் ஆண்டில் தம் ஆய்வை வெளியிட்டனர். குதிப்பகுதி தடித்த காலணி அணிந்து ஓடுபவர்களில் பெரும்பாலோர் குதிகாலை முதலில் தரையில் பதிக்கின்றனர். இளமை முதல் வெறுங்காலுடன் ஓடிப் பழகியோர் பெரும்பாலும் பாதத்தின் முன்பகுதியைப் பதிக்கின்றனர். குதிகால் வெறுந்தரையில் மோதும்போது உண்டாகும் திடீர் அதிர்ச்சி, முன்பாதம் பதியும்போது உண்டாவதில்லை. நடையின் இயல்பு வேறு. நடக்கும்போது காலணி அணிந்தவரும் அணியாதவரும் பொதுவாகக் குதிகாலையே முதலில் ஊன்றுகின்றனர்.

வெறுங்கால் ஓட்டத்தின் சிறப்பை உலகம் கண்டது 1960ஆம் ஆண்டில் ஆகும். அவ்வாண்டு செப்டம்பர் 10ஆம் நாள் மாலை, உரோம் நகரில் ஒலிம்பிக் மராத்தான் ஓட்டம் நடைபெற்றது. எத்தியோப்பிய மன்னரின் மெய்க்காவற் படையைச் சேர்ந்த அபேபே பிக்கிலா என்னும் வீரர் காலணியின்றி ஓடினார். புதிய காலணிகள் அவர் காலுக்குப் பொருந்தவில்லை. வெறுங்காலுடன் ஓடுதலோ அவருக்குப் பழகிய ஒன்று. 42 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவை 2 மணி 15 நிமிடம் 16 நொடியில் கடந்து, இருள் சூழ்ந்த வேளையில் தீவட்டி ஒளியில் அவர் முதல்வராக வந்தார். நான்கு ஆண்டுகள் கழித்துத் தோக்கியோ நகரிலும் அவரே வென்றார். அப்போது அவர் காலணி அணிந்திருந்தார். முன்னினும் விரைந்து ஓடினார். எனவே, வெற்றி வெறுங்காலுக்கும் அன்று, காலணிக்கும் அன்று. பயிற்சி பெற்ற காலுக்கே உரியது.

நம் நாட்டுக் கால்பந்து வீரர்களின் வரலாறும் இத்தகையதே. 1911ஆம் ஆண்டில், கல்கத்தாவில், மோகன் பகான் குழுவினர் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடி, பூட்சு அணிந்த ஆங்கிலேயப் படைவீரர் குழுவை வென்றனர். 1948ஆம் ஆண்டில் இலண்டன் ஒலிம்பிக்கிலும் இந்திய வீரர் பலர் வெறுங்காலுடன் ஆடினர். பிரான்சு நாட்டுக் குழுவிடம் 2–1 என்னும் கணக்கில்தான் தோற்றனர். ஆனால், 1952ஆம் ஆண்டில் குளிர் மிகுந்த எல்சிங்கி நகரில், யூகோசுலாவியக் குழுவிடம் 10–1 எனப் பெருந்தோல்வி நேர்ந்தது. அதன்பின் இந்திய வீரர்கள் பூட்சு அணிவது கட்டாயமாக்கப்பட்டது. வங்காளத்து மண்ணில் போதுமானதாக இருந்த வெறுங்கால், வேற்று நாட்டு ஈரத்தரையில் போதவில்லை. நிலமும் பருவமும் மாறினால் காப்பும் மாறுதல் வேண்டும்.

வெறுங்காலைப் புகழ்வோர் மற்றொன்றையும் மறத்தலாகாது. விரும்பிச் செருப்பைக் கழற்றுவது வேறு. செருப்பு இல்லாமையால் வெறுங்காலுடன் நடப்பது வேறு. திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரின் வடம் பிடிப்போரும், திருச்செந்தூருக்கு நடைப்பயணம் செல்வோரும் பக்தியால் செருப்பைத் துறக்கின்றனர். கொடைக்கானல் மலைச்சரிவிலுள்ள வெள்ளகவி என்னும் சிற்றூரில், ஊர் முழுவதையும் கோயிலாகக் கருதி, ஊருக்குள் காலணி அணியாத வழக்கம் இருந்து வருகின்றது. இவை மனமுவந்து செய்யப்படுபவை. ஆனால், வறுமையால் செருப்பின்றி நடந்தோர் பட்ட துன்பம் பெரிது. மனிதக் கழிவு கலந்த மண்ணில் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் வாழும். அவை வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலை அடைந்து, குருதியை உறிஞ்சி, மனிதரைச் சோகை பிடிக்கச் செய்யும். துருப்பிடித்த ஆணி இரண சன்னிக்கு வழிவகுக்கும். இரவில் வரப்பின்மேல் நடப்பவரைப் பாம்பு தீண்டுவது காலிலேதான்.

வறுமையினும் கொடிய தடை ஒன்றும் இருந்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில், ஒடுக்கப்பட்ட மக்கள் சில தெருக்களில் செருப்பணிந்து நடக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டனர். சுடுமணலிலும் அவர்கள் செருப்பைக் கையில் ஏந்திச் செல்ல நேர்ந்தது. 1950ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. ஆயினும், இக்கொடுமை எங்கும் முற்றும் மறைந்துவிட்டது என்று இன்றும் சொல்லுதற்கில்லை. செருப்பைக் கழற்றுவது பெருமையாவது, அதை அணியும் உரிமை உடையவர்க்கே ஆகும்.

இதுகாறும் கூறியவை உணர்ச்சியுள்ள காலைப் பற்றியவை. உணர்ச்சியற்ற காலின் நிலை யாது? இதற்கு விடை கண்டவர் பால் பிராண்டு என்னும் மருத்துவர். இவர் 1914ஆம் ஆண்டில் கொல்லிமலையில் பிறந்தவர்; 1946ஆம் ஆண்டு முதல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணிபுரிந்தவர். தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் நோயினாலேயே அழுகி அழிகின்றன என்று அக்காலத்தில் மக்கள் எண்ணினர். பிராண்டு உண்மை வேறெனக் கண்டார். தொழுநோய் நரம்புகளைக் கெடுக்கின்றது. அதனால் வலி மறைகின்றது. வலி தெரியாதவர் புண்பட்ட காலை ஊன்றி மீண்டும் மீண்டும் நடக்கின்றார். ஆணி தைத்தாலும் அறியார். நெருப்புச் சுட்டாலும் உணரார். இவ்வாறு நாள்தோறும் நேரும் காயங்களே பாதத்தை அழிக்கின்றன. வலி பகையன்று, அது காலின் காவலாளி.

காவலாளியை இழந்த காலுக்குக் காலணியே காவலாக வேண்டும். பிராண்டும் அவருடன் பணிபுரிந்தோரும் பலவகைக் காலணிகளைச் செய்து பார்த்தனர். முடிவில், நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மென்மையான இரப்பரைக் கொண்டு செருப்புச் செய்தனர். அவ்விரப்பர், பாரம் ஒரே இடத்தில் அழுந்தாமல் பாதம் முழுவதும் பரவச் செய்தது. அதன்கீழ் அமைந்த கடினமான அடிப்பகுதி முள்ளைத் தடுத்தது. வேலூரிலும் அடுத்துள்ள கரிகிரியிலும் வளர்ந்த இக்கலை, ஆயிரக்கணக்கானோரின் கால்களைக் காத்தது. இத்தகைய செருப்பு இன்றும் வழக்கில் உள்ளது. நீரிழிவு நோயும் பலருக்குக் கால் நரம்புகளை மழுங்கச் செய்கின்றது. அவர்கள் வீட்டினுள்ளும் வெறுங்காலுடன் நடத்தல் ஆகாது. நாள்தோறும் உள்ளங்காலைப் பார்த்தலும், செருப்பினுள் கல் கிடக்கின்றதா என்று கையால் தடவி அறிதலும் அவர்களுக்கு இன்றியமையாதவை.

நலமான கால் உடையவர்க்கு ஏற்ற காலணி எது? விரல்கள் விரிவதற்கு இடம் தருவது, குதிகாலை உயர்த்தாதது, கையால் வளைத்தால் வளைவது, பாரமற்றது, முள்ளைத் தடுக்கும் அளவிற்குத் தடித்தது. இவ்வியல்புகள் அமைந்த காலணி, காலைக் காத்துக்கொண்டே அதன் வேலையை அதற்கே விட்டுவிடும். தடித்த காலணியில் நெடுநாள் பழகியவர் ஒரே நாளில் அதைத் துறந்து ஓடத் தொடங்குதல் கூடாது. ஓய்ந்திருந்த தசைகள் வலிமை பெறுவதற்கும் எலும்புகள் புதிய பாரத்திற்குப் பழகுவதற்கும் பல மாதங்கள் வேண்டும். விரைந்து மாறியவர்களில் சிலருக்குப் பாத எலும்பில் நுண்ணிய முறிவுகள் ஏற்பட்டதுண்டு. முதலில் தூய மணலிலோ புல்தரையிலோ சிறிது நேரம் நடந்து, பின்னர்ச் சிறிது சிறிதாகக் கூட்டுவதே முறை. வலி தோன்றினால் நிறுத்துதல் வேண்டும். சித்திரை வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலை இப்பயிற்சிக்கு உரிய இடம் அன்று.

சேத்தூர் வயல்களில் நடவு நாளன்று வரப்பின்மேல் செருப்புகள் வரிசையாகக் கிடக்கும். அவற்றைக் கழற்றி வைத்தவர்கள் செருப்பை வெறுப்பவர் அல்லர். சேற்றில் கால் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்பதை அவர்கள் அறிவர். முட்பாதையில் அதற்குத் துணை வேண்டும் என்பதையும் அறிவர். தரையை அறிந்து, காலை அறிந்து, வேண்டிய அளவே காப்புத் தேடுவது அறிவுடைமை. அவ்வறிவு பழகியோர்க்கு நெடுவழியும் எளிதாகும்.