"களைப்பு எப்படி?" என்று நலம் கேட்கும் ஹவுசா மக்கள்

வாசகர்களே, காலையில் பால்மரக் காட்டில் கத்தியும் கையுமாக நிற்கும் ஒருவரை வழியில் கண்டால் என்ன கேட்பீர்கள்? "பசியாறிட்டீங்களா?" என்போம். ஆப்பிரிக்காவில் வாழும் ஹவுசா மக்கள், வேலை செய்கிறவரைக் கண்டால் "சன்னு தா ஐக்கி" என்பார்கள். வேலையாய் இருக்கும் உங்களுக்கு வணக்கம் என்று அதற்குப் பொருள். மாலையில் கண்டால் "ஈனா காஜியா?", அதாவது "களைப்பு எப்படி?" என்று கேட்பார்கள். "பா காஜியா", களைப்பே இல்லை என்பதுதான் பதில். இடுப்பு ஒடிந்து கிடந்தாலும் அதுதான் பதில்!

இப்படி உழைப்பையே முகமனாக்கிய மக்கள் யார்? நைஜீரியாவின் வடபகுதியிலும் அதை ஒட்டிய நைஜர் நாட்டின் தென்பகுதியிலும் பெரும்பாலும் வாழ்கிறார்கள். அவர்களுடைய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பல கோடிப் பேர். சந்தை மொழியாகப் பேசுவோர் இன்னும் பல கோடி. பெரும்பாலோர் முஸ்லிம்கள்.

அவர்கள் பிறப்பைப் பற்றி ஒரு கதை உண்டு. பாக்தாத்திலிருந்து வந்த பயாஜித்தா என்னும் இளவரசன் தௌரா என்ற ஊரை அடைந்தான். அங்கே கிணற்றில் ஒரு பெரும் பாம்பு. வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளில் தண்ணீர் மொள்ள விடாது. அவன் அதை வெட்டிக் கொன்றான். ஊரை ஆண்டவள் ஓர் அரசி. பாதி ஊரைத் தருகிறேன் என்றாள். அவனோ, உன்னையே மணந்துகொள்கிறேன் என்றான். அந்த வழியில் வந்தவர்களே கானோ, கத்சினா முதலிய ஏழு ஹவுசா நகரங்களை ஆண்டார்கள் என்பது கதை. வரலாற்றாசிரியர்கள் இதை அப்படியே ஏற்பதில்லை. ஆனால் குசுகு என்னும் அந்தக் கிணற்றை இன்றும் தௌராவில் காட்டுகிறார்கள்.

ஏழு நகரங்களில் பெயர் பெற்றது கானோ. அதன் மண் மதிலை 1095க்குப் பிறகு கட்டத் தொடங்கினார்களாம். அங்கே கோபார் மாத்தா என்ற இடத்தில் சாயக் குழிகள் இருக்கின்றன. 1498இல் தோண்டியவை என்கிறார்கள். அவுரி இலை, சாம்பல், நீர் மூன்றையும் ஆழமான குழியில் நாள்கணக்கில் புளிக்க வைத்து, துணியைத் தோய்த்துத் தோய்த்து எடுப்பார்கள். தோய்க்கத் தோய்க்க நீலம் கருத்துக்கொண்டே போகும். பிறகு மரக்கட்டையால் அடித்து அடித்துப் பளபளக்கச் செய்வார்கள். சகாராப் பாலைவனத்துத் துவாரெக் மக்கள் தலைப்பாகைக்கு இதைத் தேடி வாங்கினார்கள். 1851இல் கானோவுக்கு வந்த ஜெர்மானியப் பயணி ஹென்ரிச் பார்த், இந்தத் துணி வடக்கே திரிப்போலிவரை போவதை வியந்து எழுதினார்.

தெற்கே காட்டு நாடுகளிலிருந்து கோலாக் கொட்டை வந்தது. மென்றால் பசியும் களைப்பும் தெரியாது. நமக்கு வெற்றிலை பாக்கு எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. திருமணத்திலும் குழந்தைக்குப் பெயர் வைக்கும் ஏழாம் நாளிலும் கொடுத்தே ஆகவேண்டும்.

1804இல் உஸ்மான் தான் போதியோ என்ற ஃபுலானி அறிஞர் ஹவுசா அரசர்களை எதிர்த்துப் போர் தொடங்கினார். சொக்கோத்தோ பேரரசு எழுந்தது. அவருடைய மகள் நானா அஸ்மாவு (1793-1864) மூன்று மொழிகளில் கவி பாடியவர். பெண்களை ஆசிரியைகளாகப் பழக்கி, ஊர் ஊராகப் போய் மற்றப் பெண்களுக்குக் கற்பிக்க வைத்தார். அந்தக் காலத்திலேயே! அதே பேரரசில்தான் அடிமைகளை வைத்துப் பருத்தியும் அவுரியும் விளைவித்த பெரும் தோட்டங்களும் இருந்தன. இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

1903இல் ஆங்கிலேயர் கானோவைப் பிடித்தார்கள். 1911இல் ரயில் வந்தது. லங்காஷையர் ஆலைகளுக்குப் பருத்தி வரும் என்று காத்திருந்தார்கள். உழவர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். கச்சானுக்கு நல்ல விலை; விலை போகாவிட்டால் வீட்டிலாவது தின்னலாம். மூட்டை மூட்டையாகக் கச்சான் வந்து குவிந்தது, துரைமார் திகைத்தார்கள். ஆனால் 1913இல் மழை பொய்த்தது. அடுத்த ஆண்டு கொடும் பஞ்சம். தானியம் விளைந்த நிலத்தில் கச்சான் ஏறியிருந்ததும் பஞ்சத்தைக் கடுமையாக்கியது என்று எழுதியவர்கள் உண்டு.

பின்னாளில், ரயிலுக்குக் காத்திருந்த மூட்டைகளைக் கானோவில் கோபுரம்போல் அடுக்கினார்கள். ஒரு கோபுரத்தில் 15,000 மூட்டைகள்வரை இருக்கும். படம் எடுக்க வெளிநாட்டார் வருவார்கள். கச்சான் வணிகத்தில் அல்ஹசன் தன்தாத்தா (1877-1955) பெரும் செல்வரானார். பயிரிட்டவர்களுக்கோ அரசு வாரியம் வைத்ததுதான் விலை. உலகச் சந்தை விலைக்கும் அதற்கும் இருந்த வித்தியாசம் வாரியத்திடம் தங்கியது. ரப்பர் விலை ஏறினாலும் இறங்கினாலும் கூலிப் பட்டியலில் என்ன நடக்கும் என்று கண்டவர்களுக்கு இது விளங்கும்.

1970களின் தொடக்கத்தில் வறட்சி. 1975இல் செடிகளில் நோய். இதற்கிடையே நைஜீரியாவில் பெட்ரோலியப் பணம் பெருகி, அரசின் கண் வயலை விட்டு விலகியது. கோபுரங்கள் மறைந்தன. சாயக் குழிகளிலும் பல இன்று வெறுமையாய்க் கிடக்கின்றன. வெளிநாட்டுத் துணி மலிவாய் வந்து இறங்குகிறது.

வீட்டு அடுப்படி மட்டும் அதிகம் மாறவில்லை. கம்பு மாவு உருண்டையைப் பாலில் கரைத்து "ஃபுரா" குடிக்கிறார்கள். நம் பாட்டிமார் கரைத்த கம்பங்கூழை நினைத்துக்கொள்ளுங்கள். புளித்த அரிசி மாவைக் குழிச் சட்டியில் ஊற்றி "மாசா" சுடுகிறார்கள், அசல் குழிப்பணியாரம்தான். கச்சானைப் பெண்கள் வீட்டிலேயே அரைத்துக் கையால் எண்ணெய் பிழிகிறார்கள். மிஞ்சும் புண்ணாக்கையும் வீணாக்குவதில்லை. உப்பும் காரமும் சேர்த்து உருட்டி, பிழிந்த அதே எண்ணெயில் பொரித்தால் "குலிகுலி". கடித்தால் பல் தெறிக்கும். பள்ளிக்கூட வாசலிலும் பேருந்து நிலையத்திலும் தட்டில் வைத்து விற்பார்கள். அந்தக் காசு அந்தப் பெண்களின் சொந்தக் காசு.