கஷாயத்தால் முறியாத கதிர்

"டாக்டர், தைராய்டுக்குக் கதிரியக்க மருந்து கொடுத்திருக்காங்க. வீட்டுல கைக்குழந்தை இருக்கு. சீக்கிரம் முறிய ஏதாவது கஷாயம் கொடுங்களேன்!"

இப்படிக் கேட்கிறவர்களுக்கு ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: அப்படி ஒரு கஷாயம் சித்த மருத்துவத்திலும் கிடையாது.

அந்த மருந்து அயோடின்-131. அதன் அணுக்கரு நிலையில்லாதது. கதிரை வெளியே தள்ளிவிட்டு, செனான் என்ற வாயுவாக மாறிவிடும். 8 நாளில் பாதி அணுக்கள் மாறும். அடுத்த 8 நாளில் மிச்சத்தில் பாதி. 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மீதி. சூடோ பத்தியமோ இந்தக் கணக்கை அவசரப்படுத்தாது.

கதிர்களில் முக்கியமானவை மூன்று. ஆல்ஃபாவை ஒரு காகிதமே தடுத்துவிடும். அதை வெளியிடும் பொருள் உடம்புக்குள் போனால்தான் பெரிய ஆபத்து. அயோடின்-131 வெளியிடுவது மற்ற இரண்டை: பீட்டா, காமா. பீட்டா சுமார் 2 மில்லிமீட்டருக்குள் அடங்கி, தைராய்டு செல்களை அழிக்கிறது. அதுதான் சிகிச்சை! காமாவோ உடம்பைத் துளைத்து வெளியே வரும். அதனால்தான் குழந்தையைத் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள்.

உங்கள் கையில் இருப்பது என்ன? தூரம். விலக விலகக் கதிரின் தாக்கம் வேகமாகக் குறையும். ஆஸ்பத்திரியில் சொன்ன நாள்வரை தனியாகப் படுங்கள், குழந்தையைத் தூக்காதீர்கள். மருந்தின் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். தண்ணீர் நன்றாகக் குடியுங்கள். கழிவறையில் தாராளமாகத் தண்ணீர் விடுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் சிகிச்சைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

பயந்துபோய் சிகிச்சையை மட்டும் தட்டிக்கழிக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் சொன்ன நாள்வரை விலகியிருந்தால் போதும். அப்புறம் குழந்தையை ஆசைதீரக் கொஞ்சலாம்!