உதிரத்திலுள்ள நொதிகளும் நம் பழக்கங்களும்

ஆதம்பாக்கத்தில் என் அண்டைவீட்டுப் பிள்ளை ஒருவன், உத்தியோகத்திற்கு முன் நடத்தும் வைத்தியப் பரிசோதனைக்குச் சென்று முகம் வாடித் திரும்பினான். அவன் உதிரத்தில் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்னும் இரு நொதிகளும் வரம்பைக் கடந்திருந்தன. ‘ஈரல் பழுதுற்றிருக்கலாம்; குடிப்பழக்கம் உண்டோ?’ என்று வினவினராம். மதுவைத் தொட்டறியாத அப்பிள்ளை தன் தாயாரை ஏறிட்டு நோக்கவும் கூசினான். இதுவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

நொதி என்பது உயிரணுக்களுள் நிகழும் இரசாயன வினைகளை விரைவுபடுத்தும் புரதப்பொருள். மேற்கூறிய நொதிகள் தொழில் புரியுமிடம் அணுவின் உள்ளேயாம். உதிரத்தில் நாம் அளப்பது, அணுக்கள் தேய்ந்தும் சிதைந்தும் கசியவிட்ட சிறுபகுதியே. மாரடைப்புற்றோர் உதிரத்தில் ஏ.எஸ்.டி. மிகுவதை 1954-இல் அமெரிக்க அறிஞர் வெளியிட்டனர். அதுமுதல் இக்கசிவு நோயறியும் கருவியாகப் பெருவழக்குற்றது. ஆயினும் அந்நொதி இருதயத்திற்கும் ஈரலுக்கும் மட்டும் உரியதன்று. தசையிலும் சிவப்பணுவிலும் உண்டு. தோன்றுமிடம் பல, காணுமிடம் ஒன்று. மயக்கம் இங்கேதான் பிறக்கிறது.

நோயின்றியும் நொதிகள் ஏறுவதுண்டு. எலும்பு வளரும் பருவத்தினர்க்கு ஆல்கலைன் பாஸ்படேஸ் பெரியோரினும் இரண்டு மூன்று மடங்கு இருக்கலாம். கருவுற்ற மகளிர்க்குக் கடைசி மாதங்களில் நஞ்சுக்கொடியினின்று அது மிகும். ஓ, பி இரத்தவகையினர் பலர்க்குக் கொழுப்புணவு உண்டபின் குடலினின்றும் சிறிது ஏறும்.

பழக்கத்தால் ஏறுவனவும் உள. மது மிகுதியால் ஜி.ஜி.டி. என்னும் நொதி உயரும். குடியை விட்டபின் அது தணியச் சில வாரங்களாகும். வயிறு பருத்து ஈரலிற் கொழுப்புச் சேர்ந்தோர்க்கு, ஒருதுளி மதுவும் இன்றியே ஏ.எல்.டி. உயரக்கூடும், எடையைக் குறைத்தால் அதுவும் தணிவது வழக்கம். காப்பி அருந்துவோர்க்கு இந்நொதிகள் சற்றுக் குறைந்திருப்பதாக ஆராய்ச்சிகள் பல கூறும். நம் சென்னைவாசிகள் மகிழ்க. ஆனால் அதிற் கலக்கும் சர்க்கரைக்கு ஆராய்ச்சியாளர் பொறுப்பேற்றிலர்.

தசையின் கதை நமக்கு நெருங்கியது. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், ஹார்வர்டில் பிஸ்க் என்பவருடன் சேர்ந்து 1927-இல் தசையிலுள்ள பாஸ்போகிரியேட்டினை வெளிப்படுத்தினார். அப்பொருளின்மேல் வினைபுரியும் நொதியே கிரியேட்டின் கைனேஸ். பழகாத உடலைத் திடீரென வருத்தினால் தசைநார் நைந்து, இந்நொதி பன்மடங்கு பெருகும், ஏ.எஸ்.டி.யும் ஏ.எல்.டி.யும் உடன் ஏறி ஒருவாரத்திற்கு மேலும் நிற்கக்கூடும். ஜி.ஜி.டி.யோ அசையாது.

நம் பிள்ளை செய்ததும் அஃதே. பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பு தேகப்பயிற்சிச் சாலையிற் புதிதாய்ச் சேர்ந்து இரும்பைத் தூக்கியதோடு, பரங்கிமலைப் படிகளிலும் பலமுறை ஓடி ஏறியிருக்கிறான். இதனை ஒருவரும் கேட்டிலர்; அவனும் சொல்லிற்றிலன். பின்னர்க் கண்ட முதிய வைத்தியர் ஒருவர் முதலிற் கேட்டதே, “தம்பி, சென்ற வாரம் என்ன செய்தாய்?” என்பதுதான். கிரியேட்டின் கைனேஸ் மிக உயர்ந்தும் ஜி.ஜி.டி. அளவிலும் இருக்கக் கண்டார். ஓய்வுக்குப் பின்னும் தணியாவிடில் ஈரலை ஆராய்ந்தே தீரவேண்டுமென்று சொல்லி, பத்து நாள் கழித்து வரச்செய்தார். அப்போது எல்லா எண்களும் வரம்பினுள் இருந்தன. அத்தாளை அவன் முதலிற் காட்டியது தாயாரிடம். உத்தியோகசாலைக்கு மறுநாள்தான் கொண்டு சென்றான்.