மேட்டூர் அணையின் மூன்று தேதிகள்

காவிரிப் பாசனத்தை நம்பிப் பயிரிடும் குடியானவர்கள் மறக்கலாகாத தேதிகள் மூன்று உள. ஆகஸ்டு 21, மேட்டூர் அணை திறந்துவைக்கப்பட்ட நாள். ஜூன் 12, ஆண்டுதோறும் டெல்டாப் பாசனத்திற்கு மதகைத் திறப்பதற்கென வகுக்கப்பட்ட நாள். ஜனவரி 28, அம்மதகை அடைப்பதற்கென வகுக்கப்பட்ட நாள். முதல் இரண்டையும் நினைவிற் கொள்வோர் பலர். மூன்றாவதைக் கணக்கிற் சேர்ப்போர் சிலரே. கதிர் முற்றுந் தறுவாயில் நீரின்றிப் பயிர் வாடுவதற்கு இம்மறதியும் ஒரு காரணமாகும்.

அணை தோன்றுமுன் சென்னை மாகாணத்தில் காவிரி நீரைச் சேமித்து வைக்கப் பெருந்தேக்கம் எதுவும் இருந்ததில்லை. கல்லணை நீரைத் திருப்பிப் பங்கிடுமேயன்றிச் சேமித்து வைக்காது. 1924-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 18-ந் தேதி சென்னை மாகாணத்திற்கும் மைசூர் சமஸ்தானத்திற்கும் இடையே காவிரி ஒப்பந்தம் ஏற்பட்டது. அவ்வருஷம் ஜூலை மாதத்திலேயே காவிரியில் பெருவெள்ளம் தோன்றி மிகுந்த சேதம் விளைத்தது. மறு வருஷம், 1925 ஜூலை 20-ந் தேதி, மேட்டூரில் வேலை தொடங்கிற்று. கர்னல் எல்லிஸ் என்னும் எஞ்சினீயர் வகுத்த திட்டத்தைத் தழுவிக் கட்டப்பெற்ற அணையை, 1934 ஆகஸ்டு 21-ந் தேதி கவர்னர் ஸர் ஜார்ஜ் ஸ்டான்லி திறந்துவைத்தார். தேக்கத்திற்கு அவர் பெயரே இடப்பட்டது. அதன் முழு நீர்மட்டம் 120 அடி. கொள்ளளவு 9,347 கோடி கன அடி.

தேக்கத்துள் மூழ்கிய இடங்களுள் பண்ணவாடியும் ஒன்று. நீர்மட்டம் வெகுவாய்த் தாழும்பொழுது, அங்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் கிறிஸ்தவக் கோயிலின் கோபுரமும் வெளியே தோன்றுகின்றன. ஜூன் மாதத்திலும் நந்தி நீருக்கு மேல் நிற்குமாயின், 12-ந் தேதி மதகு திறக்குமென்று எதிர்பார்த்தல் தகாது.

ஏனெனில், ஜூன் 12 என்பது வழக்கமேயன்றி உறுதியன்று. குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை பெய்வதையும் மேலணைகளிலிருந்து நீர் வருவதையும் பொறுத்தே அது நிறைவேறும். 2011-ல் ஜூன் 6-ந் தேதியும், 2022-ல் மே 24-ந் தேதியும் முன்னதாகவே மதகு திறக்கப்பட்டது. 2020-ல் குறித்த நாளிலேயே திறந்தது. ஆனால் 2012-ல் செப்டம்பர் 17 வரையிலும், 2017-ல் அக்டோபர் 2 வரையிலும் குடியானவர்கள் காத்திருக்க நேர்ந்தது.

2017-ம் வருஷத்தின் கணக்கைப் பார்ப்போம். அக்டோபர் 2 முதல் ஜனவரி 28 வரை 118 நாட்களே உள்ளன. திறப்பு நாளன்றே 150 நாள் சம்பா ரகத்தை விதைத்திருந்தாலும், அது மார்ச்சு முதல் தேதிதான் அறுவடைக்கு வரும். கடைசி ஒரு மாதத்திற்கு ஆற்று நீர் இல்லை. அன்றியும், மேட்டூரில் விட்ட நீர் கல்லணையை அடையவே சுமார் மூன்று நாட்களாகும். கடைமடைக்கு மேலும் தாமதமாகும்.

ஆகவே, விதைப்பு நாளைத் திறப்பு நாளிலிருந்து முன்னோக்கி எண்ணாது, அடைப்பு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவதே சிறந்தது. அறுவடைக்குச் சுமார் பத்து நாள் முன்னரே வயலின் நீரை வடித்துவிடலாமாகையால், பிப்ரவரி 7-ந் தேதியை அறுவடை நாளாகக் கொள்ளலாம். அவ்வாறாயின், 150 நாள் ரகத்தைச் செப்டம்பர் 10-க்குள்ளும், 130 நாள் ரகத்தைச் செப்டம்பர் 30-க்குள்ளும், 110 நாள் ரகத்தை அக்டோபர் 20-க்குள்ளும் விதைத்தல் வேண்டும். பிந்தி விதைக்கும் இளம்பயிர் வடகிழக்குப் பருவமழையில் அகப்படுமாதலால், வடிகால்களை முன்கூட்டியே வெட்டித் துப்புரவு செய்தல் அவசியம். அடைப்பு நாள் சில வருஷங்களில் நீட்டிக்கப்படுவதுண்டு. அதை நம்பி விதைத்தல் விவேகமன்று.

ஜூன் மாதத்தில் நீர் வராத வருஷத்தில், சொந்தக் கிணற்று நீர் உள்ளவர்கள் மட்டும் குறுவை நடலாம். ஏனையோர் குறுவையை விடுத்து, ஒரு போகச் சம்பாவிற்கு நிலத்தையும் விதையையும் ஆயத்தம் செய்தலே நலம். கிராம அதிகாரிகள் அணையின் நீர்மட்டத்தை மே மாத முதலே வாரந்தோறும் ஊரறியத் தெரிவித்து வருவார்களாயின், நாற்றங்காலில் இட்ட விதையும் உழைப்பும் வீணாகா.