ஒப்பந்தத்தில் யார் பெயர்? – அமெரிக்காவில் வீடு தேடும் மாணவர்களுக்கு

அமெரிக்காவில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்து, விசாவும் கைக்கு வந்தபின் வீட்டில் கேட்கிற முதல் கேள்வி, "அங்கே வாடகை எவ்வளவு ஆகும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு அடுத்ததாக ஒரு கேள்வி இருக்கிறது. "வாடகை ஒப்பந்தத்தில் யார் யார் கையெழுத்துப் போடுகிறீர்கள்?" இதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. மாணவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

முதுகலை மாணவர்கள் எல்லோருக்கும் பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், நாலு பேர் சேர்ந்து வெளியே வீடு எடுத்தால் செலவு குறையும் என்று பலர் வெளியே போகிறார்கள். முதல்முறை எஃப்-1 விசாவில் வருகிறவர், ஐ-20ல் குறித்த தேதிக்கு 30 நாட்களுக்கு முன்புவரைதான் நாட்டுக்குள் வரமுடியும். அந்த ஒரு மாதத்துக்குள், சீனியர் ஒருவர் வீட்டு ஹாலில் படுத்துக்கொண்டு வீடு தேடுவது பல வருடங்களாக நடந்துவரும் வழக்கம். அவசரத்தில் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதும் அப்போதுதான்.

கிரெடிட் இல்லாதவருக்கு வீடு

வீட்டுச் சொந்தக்காரர் இரண்டு விஷயங்களைப் பார்ப்பார். ஒன்று, கிரெடிட் ஹிஸ்டரி, அதாவது கடனையும் பில்களையும் ஒழுங்காகக் கட்டிய வரலாறு. மற்றொன்று வருமானம்; வாடகையைப் போல மூன்று மடங்கு வேண்டும் என்று பலர் கேட்பார்கள். புதிதாக வந்த மாணவரிடம் இரண்டும் இருக்காது. கேம்பஸில் வேலை கிடைத்த பிறகே சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு விண்ணப்பிக்க முடியும். ஆகவே ஐ-20, வங்கிக் கணக்கு விவரம், உதவித்தொகைக் கடிதம் ஆகியவற்றைக் காட்டிக் கேட்டுப்பார்க்க வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ ஜாமீன் கையெழுத்துப் போட்டால் ஒப்புக்கொள்கிறவர்களும் உண்டு. வாடகை நின்றுபோனால் அந்த மாமாவிடமும் பணம் கேட்கலாம் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை.

நாலு பேர், ஒரே ஒப்பந்தம்

உதாரணத்துக்கு, மாத வாடகை 2,400 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேர், ஆளுக்கு 600. டிசம்பரில் ஒருவர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போய்விடுகிறார். மற்ற மூவரும், "எங்கள் பங்கு 1,800 கட்டிவிட்டோம்" என்று சொல்லித் தப்ப முடியாது. இப்படிச் சேர்ந்து எடுக்கும் வீடுகளின் ஒப்பந்தத்தில், "கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு" என்ற பொருளில் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். மொத்த வாடகையையும் நால்வரில் எவரிடமும் கேட்கலாம் என்பது அதன் அர்த்தம். போனவரும் கையெழுத்துப் போட்டிருந்தால் ஊரைவிட்டுப் போனதால் மட்டும் அவர் பொறுப்பு தீராது.

இதற்குப் பயந்து பெயரே சேர்க்காமல் ஹாலில் தங்கிக்கொள்கிறவர் நிலையும் நல்லதல்ல. முன்பணத்தில் தன் பங்கைச் சொந்தக்காரரிடம் கேட்க அவர் கையில் எந்தக் காகிதமும் இல்லை. அனுமதியில்லாத ஆள் இருப்பது தெரிந்தால் கையெழுத்துப் போட்டவர்களுக்கும் சிக்கல்.

வழி இதுதான். தங்குகிற எல்லோர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். யார் எவ்வளவு முன்பணம் தந்தார், பாதியில் போகிறவர் மாற்று ஆளைப் பிடித்துத் தரவேண்டுமா என்பதை நண்பர்களுக்குள் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மாற்று ஆள் வரும்போது சொந்தக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். டெக்சஸில் ஆஸ்டின், காலேஜ் ஸ்டேஷன் போன்ற ஊர்களில் ஒவ்வொரு படுக்கையறைக்கும் தனி ஒப்பந்தம் போடும் மாணவர் குடியிருப்புகள் நிறைய உண்டு. வாடகை சற்றுக் கூடினாலும், அடுத்தவர் பாக்கி நம் தலையில் விழாது.

மூன்று மாநிலம், மூன்று சட்டம்

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்துப் பழகியவர்களுக்கு இங்கே கேட்கும் முன்பணம் சிறிதாகத் தெரியும். ஆனால் அதற்கான சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

நியூ ஜெர்சியில் ஸ்டீவன்ஸ் மாணவர்கள் ஜெர்சி சிட்டியிலும், நுவர்க்கில் இருக்கும் என்.ஜே.ஐ.டி. மாணவர்கள் ஹாரிசனிலும், ரட்கர்ஸ் மாணவர்கள் நியூ பிரன்ஸ்விக், எடிசன் பக்கமும் வீடு பார்ப்பார்கள். இங்கே முன்பணம் ஒன்றரை மாத வாடகைக்கு மேல் கூடாது. வட்டி தரும் கணக்கில் போட்டு, வட்டியைக் குடியிருப்பவருக்கே தரவேண்டும். காலி செய்த 30 நாட்களுக்குள் திருப்பித் தரவேண்டும். சொந்தக்காரரும் குடியிருந்து, வாடகைக்கு விடும் பகுதி இரண்டுக்கு மேல் இல்லாத வீடுகளுக்கு இது தானாகப் பொருந்தாது; சட்டப்படி நடக்கும்படி நீங்கள் எழுத்தில் கேட்கவேண்டும். குளிர்காலத்தில் ஹீட்டிங் வாடகையில் சேர்ந்ததா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல் முன்பணம் ஒரு மாத வாடகைதான். ஒன்றிரண்டு கட்டடங்கள் மட்டும் வைத்திருக்கும் சிறிய சொந்தக்காரர்கள் இரண்டு மாதம்வரை கேட்கலாம். திருப்பித் தர 21 நாள் கெடு. சான் ஹோசே, பெர்க்லி போன்ற வளைகுடாப் பகுதி ஊர்களில் முன்பணத்தைவிட வாடகைதான் மலைக்க வைக்கும். பார்ட் ரயில் தடத்தை ஒட்டித் தள்ளித் தேடுவது ஒரு வழி.

டெக்சஸில் முன்பணத்துக்குச் சட்டப்படி உச்சவரம்பு கிடையாது. காலி செய்த 30 நாட்களில் திருப்பித் தரவேண்டும்; ஆனால் உங்கள் புதிய முகவரியை எழுத்தில் கொடுக்கும்வரை அந்தக் கடமை அவருக்கு இல்லை. பட்டம் வாங்கிய கையோடு வேறு ஊருக்கு ஓடுகிறவர்கள் மறப்பது இதைத்தான். டல்லாஸ், ஹூஸ்டன் வட்டாரங்களில் மின்சாரக் கம்பெனியையும் நீங்களே தேர்ந்தெடுக்கவேண்டும். கிரெடிட் இல்லாவிட்டால் அங்கேயும் ஒரு டெபாசிட் கேட்கக்கூடும். கோடையில் ஏசி பில்லையும் வாடகையோடு கூட்டிப் பாருங்கள்.

பணம் அனுப்பும் முன்

இந்தியாவிலிருந்தபடியே இணையத்தில் படம் பார்த்துப் பணம் அனுப்பவேண்டாம். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் வந்ததும் சாவி வரும்" என்பது பழைய மோசடி. அந்த ஊரிலிருக்கும் மாணவர் யாரையாவது நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். டெக்சஸில் கவுண்டியின் சொத்து மதிப்பீட்டு அலுவலகத் தளத்தில் முகவரியைக் கொடுத்தால், வீடு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். ஆஸ்டின், டெக்சஸ் ஏ அண்ட் எம், பெர்க்லி போன்ற பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கென்றே சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது. ஒப்பந்தத்தைக் கொண்டுபோய்க் காட்டி, கையெழுத்துப் போடும் முன் சந்தேகங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குடிபோன அன்றே சுவர், தரைவிரிப்பு, அடுப்பு எல்லாவற்றையும் படமெடுத்து, சொந்தக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே இருந்த கறைக்கு நீங்கள் பணம் கட்டாமல் இருக்க அதுதான் சாட்சி. வீடு மாறிய 10 நாட்களுக்குள் புதிய முகவரியைப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும். இது எஃப்-1 விசாவின் நிபந்தனை. வேலை மும்முரத்தில் இதை மறந்துவிட்டால், பிரச்சினை வீட்டோடு நிற்காது, படிப்புக்கும் வரும்.