சென்னைப் புரட்சிக்காரரை மணந்த ருஷியச் சித்திரக்காரி

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடிய "வள்ளி திருமணம்" பார்த்தவர்களுக்குப் படுதாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு படுதா சுருண்டால் அரண்மனை. இன்னொன்று இறங்கினால் காடு. பாடுகிற ராஜபார்ட்டுக்குக் கைதட்டல் கிடைக்கும். படுதா எழுதியவர் பெயரை யாரும் கேட்பதில்லை.

அந்த வேலையை ருஷியாவிலும் பம்பாயிலும் செய்தவர் ஒரு பெண்மணி. அவர் கணவர் ஒரு தமிழர்!

பெண்ணின் பெயர் மாக்தா நாக்மன். 1889-ம் ஆண்டு ருஷியாவின் அன்றைய தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தார். தந்தை யூதர். தாய் ஜெர்மன் வம்சத்துக் கிறிஸ்தவர். குடும்பத்துக்கு வசதி இருந்தது.

பெரிய குரு

மாக்தா சேர்ந்த ஓவியப் பள்ளியில் லியோன் பாக்ஸ்ட் ஆசிரியராக இருந்தார். ருஷிய நாட்டியக் குழு பாரிசில் ஆடி உலகத்தை வியக்க வைத்ததல்லவா? அதற்குக் காட்சி ஜோடனையும் உடைகளும் அமைத்தவர் இந்தப் பாக்ஸ்ட்தான். பின்னாளில் உலகப்புகழ் பெற்ற மார்க் ஷகாலும் அதே பள்ளியில் படித்தவரே.

1913-ல் மாக்தா ஓர் இளம் கவிஞரை உட்கார வைத்துப் படம் தீட்டினார். அந்தக் கவிஞர் மரீனா ஸ்வெத்தாயெவா. இன்று ருஷியர்கள் போற்றும் பெருங்கவிஞர்களில் அவரும் ஒருவர்.

1917-ல் புரட்சி வந்தது. பின்னாலேயே உள்நாட்டுப் போரும் வந்தது. ரொட்டிக்குப் பஞ்சம்; விறகுக்கும் பஞ்சம். மாக்தா நகரத்தை விட்டு ஒரு கிராமத்துக்குப் போனார். அங்கே ஒரு மக்கள் நாடகக் குழு. 1919, 1920-ம் ஆண்டுகளில் அதற்குக் காட்சிகள் அமைத்தார். பாரிஸ் மேடையை அலங்கரித்தவரின் மாணவி, பட்டிக்காட்டு மேடைக்கு வர்ணம் பூசினார். அது குறைந்த வேலை என்று அவர் நினைத்திருந்தால் அங்கே போயே இருக்க மாட்டார்.

பாரதியின் நண்பர்

பிறகு மாஸ்கோ. அங்கேதான் எம். பி. டி. ஆச்சாரியாவைச் சந்தித்தார்.

யார் இந்த ஆச்சாரியா? 1887-ல் சென்னையில் பிறந்தவர். மண்டயம் ஐயங்கார் குடும்பம். பாரதியார் எழுதிய "இந்தியா" பத்திரிகையில் பணியாற்றியவர். வெள்ளையர் ஆட்சியின் கைக்கு எட்டாமல் இருக்கப் புதுச்சேரி போனார். 1908-ல் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். ஊர் ஊராக அலைந்தார். 1920-ல் தாஷ்கண்ட் நகரில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி அமைக்கப்பட்டபோது அதன் ஸ்தாபகர்களில் ஒருவராக இருந்தார். கொஞ்ச நாளிலேயே தோழர்களோடு கருத்து வேற்றுமை வந்து விலகினார். யாருக்கும் தலையாட்டத் தெரியாத மனிதர்!

இருவரும் மணந்துகொண்டார்கள். 1922-ல் பெர்லினில் குடியேறினார்கள். கையில் காசு இல்லை. பிரிட்டிஷ் உளவாளிகளின் கண்ணோ ஆச்சாரியா மேல் இருந்தது. மாக்தாவின் தூரிகைதான் அடுப்பு எரிய உதவியது. அந்த ஊரில் அகதியாக வாழ்ந்த எழுத்தாளர் விளதீமிர் நபக்கோவையும் 1933-ல் வரைந்தார்.

அதே 1933-ல் ஹிட்லர் பதவிக்கு வந்தான். மனைவி யூத ரத்தம். கணவர் கறுப்பு நிறத்துப் புரட்சிக்காரர். இனி அங்கே இருக்க முடியுமா? சில காலம் சுவிட்சர்லாந்தில் தங்கிவிட்டு, 1930-களின் நடுவில் பம்பாய்க்கு வந்து சேர்ந்தார்கள். இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் கழித்து ஆச்சாரியா தாய்நாட்டு மண்ணை மிதித்தார்.

பம்பாய் வாழ்வு

பம்பாயில் அப்போது ஹிட்லருக்குத் தப்பி வந்தவர்கள் பலர் இருந்தார்கள். வியன்னா ஓவியர் வால்டர் லாங்ஹாமர், கலை விமர்சகர் ருடால்ஃப் வான் லேடன், நாட்டியப் பள்ளி நடத்திய ஹில்டே ஹோல்கர் ஆகியோர் அவர்களில் சிலர். மாக்தாவும் அந்த வட்டத்தில் கலந்தார். நாட்டிய நிகழ்ச்சிகளுக்குக் காட்சியும் உடையும் அமைத்தார். இளம் ஓவியர்களுக்கு ஊக்கம் கொடுத்தார்.

பணக்காரர் வீட்டுப் படம் வரைந்தால்தான் பணம். அதையும் வரைந்தார். ஆனால் அவருக்குப் பிடித்தது உழைக்கும் எளிய ஜனங்களின் முகங்கள். அவற்றைத் திரும்பத் திரும்பத் தீட்டினார்.

1951-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி. பம்பாயில் அவருடைய ஓவியக் கண்காட்சிக்கு எல்லாம் தயார். திறப்பு விழாவுக்கு இன்னும் சில மணி நேரமே பாக்கி. அதற்குள் மாக்தாவின் உயிர் பிரிந்துவிட்டது. வயது 61.

ஆச்சாரியா தனியானார். நோயாளி, வறுமை வேறு. மனைவியின் படங்களை விற்றுத்தான் நாளைத் தள்ள வேண்டியிருந்தது. சுவரில் மாட்டி வைத்துப் பார்க்க வேண்டியதை அரிசிக்கு மாற்றுவது எத்தனை வேதனை! 1954 மார்ச்சில் அவரும் காலமானார். மிச்சமிருந்த படங்கள் திசைக்கொன்றாய்ப் போயின.

நபக்கோவின் படம் போன இடம் தெரியவில்லை. கிராமத்து மேடைக்கு எழுதிய படுதாக்கள் என்றோ மறைந்தன. லினா பெர்ன்ஸ்டீன் என்ற ஆராய்ச்சியாளர் பல நாடுகளில் தேடித் துருவி, மாக்தாவின் வரலாற்றை 2020-ல் ஆங்கிலத்தில் புத்தகமாக்கினார். ஸ்வெத்தாயெவாவின் படம் மட்டும் பிழைத்துக்கொண்டது. நீலச் சட்டை அணிந்து, கண்ணைத் தாழ்த்தி, அந்த இளம் கவிஞர் அதில் இன்னும் அமர்ந்திருக்கிறார்.